ஏழாம் தளத்தில் சிந்திய திருநீறு

பலகை பாவிய தரையில் வெள்ளையாக ஒரு கைப்பிடிப் பொடி சிந்திக் கிடந்தது. பக்கத்தில் வட்டமான பழைய தேயிலை டப்பா ஒன்று. அதன் மூடி தனியே கழன்று, கப்பலின் ஆட்டத்துக்கு ஏற்பக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே போவதும் வருவதுமாக இருந்தது. காலை ஒன்பது மணியிருக்கும். மேகத்துக்குப் பின்னால் நின்ற வெயில் வட்டக் கண்ணாடி வழியே உள்ளே வந்து, பொடியின் மேல் ஒரு பால் நிறத்தைப் பூசியிருந்தது.

நான் மண்டியிட்டேன். மேசை மேல் இருந்த நிகழ்ச்சி நிரல் தாளை எடுத்து, அதன் ஓரத்தால் பொடியை மெல்ல மெல்லக் கூட்டினேன். பலகைகளின் இடுக்கில் தங்கியதை விரல் நுனியை ஈரமாக்கி ஒற்றி எடுத்தேன். சற்று நறநறத்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. தாளை நான்காக மடித்துப் பொட்டலமாக்கிய பின்னும் விரலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. என் கை என்னைக் கேட்காமலேயே நெற்றிக்குப் போயிற்று.

அது திருநீறு அல்ல. ஆர்தர் என்ற ஒரு மனிதர். அந்த உண்மை என்னை வந்தடைய இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

பதினாறு கதவுகள்

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் கப்பலின் அடிவயிற்றில், பணியாளர்களின் சாப்பாட்டுக் கூடத்திலும் சலவை அறையின் நீராவியிலும் உங்களை அலைய வைத்தேன். இன்றுதான் மேலே, பயணிகள் உறங்கும் தளத்துக்கு அழைத்து வந்திருக்கிறேன்.

தொற்றுக் காலம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம் அது. சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் போய்ப் போய் வேலை தேடிக் களைத்து, கடைசியில் கேபின் ஸ்டூவர்டாகக் கடலில் ஏறியிருந்தேன். ஏழாம் தளத்தில் பதினாறு அறைகள் என் பொறுப்பு.

எங்கள் தெருவில் அம்மா என்னைக் 'கப்பல் ஆபீசர்' என்றே சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் தொலைபேசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நெசமா சொல்லு. அங்க இன்னாதான்டா வேலை உனுக்கு?"

"பெட்டு போடறது, பாத்ரூம் கழுவறது, துண்டுல யானை செய்யறதும்மா."

"யானையா? அத்தினி வருசம் படிச்சிட்டு யானை செஞ்சிகினு கீறியா?"

"மயிலும் செய்வேன்."

"ஆங், மயிலுன்னா சரி. அது நம்ம முருகன் வேலை."

அம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை. காலையில் விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, கண்ணாடிக் குவளைகளைத் துடைப்பது, தரையை இயந்திரத்தால் உறிஞ்சுவது. மாலையில் மறுபடி ஒரு சுற்று. திரையை இழுத்துவிட்டு, போர்வையின் ஒரு முனையை முக்கோணமாக மடித்துத் திறந்து வைப்போம். தலையணை மேல் ஒரு சாக்லேட், மறுநாளின் நிகழ்ச்சி நிரல். கால்மாட்டில் துண்டால் செய்த ஏதாவது ஒரு பிராணி. மற்றவர்கள் அன்னம் செய்வார்கள். என் கையில் மட்டும் அன்னத்தின் கழுத்து ஏனோ மயிலின் கழுத்தாகவே வளையும்.

எழுதப்படாத வேலைகளும் உண்டு. யாருக்குக் குமட்டுகிறதோ அவர் அறையில் ஒரு பச்சை ஆப்பிளும் இஞ்சி பிஸ்கோத்தும் வைப்பது. மாத்திரை டப்பாவில் நேற்றைய கட்டம் காலியாகிவிட்டதா என்று தொடாமல் பார்ப்பது. நண்பகலுக்குள் பதினாறு அறை மனிதர்களும் எழுந்து நடமாடுகிறார்கள் என்று உறுதி செய்துகொள்வது.

ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேலானது. பயணியின் பொருளை எடுக்காதே, இடம் மாற்றாதே, குப்பைக்கூடைக்குள் இல்லாத எதையும் குப்பை என்று நீயாக முடிவு செய்யாதே.

கல்லூரியில் வீட்டுப் பணியாளர்களின் கண்ணியம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிப் பாராட்டுப் பெற்றவன் நான். முதல் வாரம் ஒருவர் வாந்தியெடுத்த குளியலறையைக் கழுவியபோதுதான், அந்தக் கட்டுரையில் வாசனை பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது உறைத்தது.

தலையணைப் படிப்பு

ஓர் அறையைப் படிக்க நான் கப்பலில் கற்கவில்லை. கல்லூரி விடுமுறைகளில் மலையடிவாரத்து விடுதி ஒன்றில் வேலை பார்த்தபோதே அது வந்துவிட்டது.

மலைக்கு வந்து முடி இறக்கியவர்கள் அந்த விடுதியில்தான் படுப்பார்கள். மறுநாள் தலையணை உறைகளில் மஞ்சளாக, வட்ட வட்டமாகச் சந்தனக் கறை இருக்கும். வட்டத்தின் அளவைப் பார்த்தே இது குழந்தை, இது தகப்பன் என்று சொல்லிவிடலாம். பெரிய வட்டத்தை ஒட்டியே சின்ன வட்டம் இருந்தால், பிள்ளை புது இடத்தில் பயந்து அப்பாவை ஒட்டிப் படுத்திருக்கிறான். எத்தனை முறை துவைத்தாலும் அந்தச் சந்தன வாசம் முழுதாகப் போகாது. சலவைத் தொட்டிக்குக் குனியும்போதெல்லாம் யாரோ ஒருவரின் நிறைவேறிய வேண்டுதல் மேலே ஏறி வந்து முகத்தில் படும்.

கப்பலில் சந்தனம் இல்லை, பள்ளம் உண்டு. தலை கிடந்த பள்ளம், தோள் அழுந்திய பள்ளம். மனிதர் எழுந்து போன பின்னும் அவருடைய உறக்கம் சற்று நேரம் படுக்கையிலேயே கிடக்கும். அதைக் கலைத்துச் சமமாக்குவதே என் தொழில். ஒவ்வொரு காலையும் யாருடைய கனவின் மேலோ கை வைப்பதுபோல் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இடப்பக்கம் மட்டும்

திருமதி எலினோர் எழுபதைக் கடந்தவர். தனியாக ஏறியிருந்தார். எங்கள் அறைகளில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் இருக்கும். தம்பதியருக்கு அவற்றை ஒட்டிப் போட்டு ஒரே விரிப்பை விரிப்போம். தனியாக வருபவருக்குப் பிரித்து, ஒன்றைச் சுவரோரம் தள்ளிவிடுவோம். இவரிடம் அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம், ஒட்டியே இருக்கட்டும்" என்றார். "வலப்பக்கத் தலையணையையும் தினமும் தட்டி வைக்க முடியுமா? சிரமம் இல்லையென்றால்."

அவர் பேசியது ஆங்கிலம். என் நினைவில் அது எப்போதோ தமிழாக மாறி அப்படியே தங்கிவிட்டது.

பள்ளம் எப்போதும் இடப்பக்கத்தில் மட்டுமே இருந்தது. வலப்பக்கத் தலையணையை நான் எப்படித் தட்டி வைத்தேனோ அப்படியே மறுநாளும் இருக்கும். அந்தப் பக்கத்து விளக்கடியில்தான் அந்தத் தேயிலை டப்பா. அதைச் சுற்றித் துடைப்பேன், தொட்டதில்லை. இப்போது எழுதும்போது எல்லாம் கண்ணாடிபோல் தெரிகிறது. தலையணை படிக்கத் தெரிந்தவன் என்று கர்வப்பட்டவன், கண்ணெதிரே இருந்த ஒரே ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

என் கண்ணை மறைத்தது கொச்சி. முந்தைய நாள் அங்கே இறங்கிக் கோயில் பார்த்துத் திரும்பியவர்களால் தளமே மணத்தது. ஓர் அறையில் பல் துலக்கும் குவளைக்குள் மல்லிகைச் சரம். இன்னோர் அறையில் கண்ணாடி முழுக்கக் குங்கும விரல் தடம். திறக்கிற கதவில் எல்லாம் சந்தனமோ, துளசியோ, வாழை இலைத் துண்டில் மடித்த பிரசாதமோ கண்ணில் பட்டது. ஊரை விட்டுப் பல மாதங்களாகியிருந்த எனக்கு, மலைப்படி ஏறுகிற மயக்கத்திலேயே அந்தக் காலைப்பொழுது நகர்ந்தது.

குமரி முனையைத் தாண்டியதும் கடல் முரண்டு பிடித்தது. திருமதி எலினோர் சிற்றுண்டிக்குப் போயிருந்தார். நான் கதவைத் திறந்தபோது டப்பா உருண்டு விழுந்து, மூடி கழன்று, பொடி சிந்தியிருந்தது. இவரும் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவர் கொச்சியில் இறங்கவே இல்லை என்பது எனக்குத் தெரியாது.

அம்மா சொன்ன ஒழுங்கு

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். மலையிலிருந்து கொண்டு வந்த திருநீற்றுப் பொட்டலம் வீட்டு வாசற்படியில் என் கையிலிருந்து நழுவி உடைந்துவிட்டது. அங்கன்வாடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொடப்பத்தத் தொடாதே" என்றார். "காலு படாம குந்து. ஒரு பேப்பர எட்து அள்ளு. ஒரு தூளு கீழ இருக்கக் கூடாது. கையில ஒட்டிகினத நெத்தியில வெச்சிக்கோ. பொட்லத்த ஒசரமான எடத்துல வை."

அன்று அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் கடைசித் தூள் வரை நின்று பார்த்த பிறகே போனார்.

துடைப்பம் கூடாது, தாளால் அள்ள வேண்டும், மிச்சம் நெற்றிக்கு, பொட்டலம் உயரத்துக்கு. இந்த நான்கும் என் எலும்பில் எழுதப்பட்டிருந்தன. கப்பலில் தரைத் தூசியை உறிஞ்சும் இயந்திரம் என் வண்டியோடு கதவருகிலேயே நின்றது. கப்பலின் ஒழுங்குப்படி அதைத்தான் நான் கையாண்டிருக்க வேண்டும். அரை நிமிட வேலை. எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. பொட்டலத்தை அந்த அறையிலேயே உயரமான இடமான, உயிர்காப்புச் சட்டைகள் வைக்கும் மேலடுக்கில் பத்திரமாக வைத்துவிட்டு, காலி டப்பாவை விளக்கடியில் நிறுத்தினேன். சுத்தமான விரிப்பு எடுத்து வருவதற்காக, இயந்திரத்தை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

எத்திராஜண்ணன்

விரிப்புகள் வைக்கும் சிறு அறையில் எத்திராஜண்ணன் உறைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பள்ளிப்பட்டுக்காரர், நெசவுக் குடும்பம். விரிப்பை விரலால் தடவியே பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனை என்று சொல்லிவிடுவார். பல ஆண்டுகளாகக் கப்பலில் இருப்பவர். ஒருவர் ஊரிலிருந்து மற்றவர் ஊருக்குப் பேருந்தில் ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவுக்காரர்களான நாங்கள் இருவரும், நடுக்கடலில் ஒரே தளத்தில் வேலை செய்தோம்.

"இன்னா நைனா, நெத்தியில பட்டை? இன்னிக்கு கிருத்திகையா?"

"இல்லண்ணா. எலினோர் அம்மா ரூம்ல துன்னூறு கொட்டிகினு இருந்துச்சு. அள்ளி வெச்சேன்."

"வெள்ளைக்காரம்மா ரூம்ல ஏது துன்னூறு?"

"கொச்சியில குட்த்திருப்பாங்க."

அவர் எண்ணுவதை நிறுத்தினார். என் அருகே வந்து நெற்றியை உற்றுப் பார்த்தார். தொடவில்லை.

"நைனா, அந்தம்மாவுக்கு வூட்டுக்காரரு?"

"தெரியலண்ணா. தனியாதான் வந்துகீறாங்க. கட்டில ஒட்டிப் போடச் சொன்னாங்க, ரெண்டாவது தலகாணியும் தினம் தட்டி வெக்கச் சொன்னாங்க..."

சொல்லச் சொல்ல என் குரலே எனக்குக் கேட்டது. எத்திராஜண்ணன் முகம் மாறிவிட்டது.

"போன தபா ஒரு பெரியவரு சம்சாரத்த ஜாடியில வெச்சிகினு வந்தாரு. கடல்ல கரைக்க. நானே பாத்தேன். இதே மாரிதான், வெளுப்பா, மணல் மாரி."

விரலில் பட்ட நறநறப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கேளு நைனா" என்றார் தணிந்த குரலில். "மூஞ்சக் கழுவிகினு போ. பொட்லத்தப் பிரிச்சி டப்பாவுல கொட்டி மூடிடு. கீழ வுழுந்ததே அவங்களுக்குத் தெரியாது. சொன்னினா கம்ப்ளெய்ன்ட்டு. அடுத்த காண்ட்ராக்ட்டு பூட்டுச்சின்னு வெச்சிக்கோ."

அதில் தவறான ஒரு சொல்லும் இல்லை. தண்ணீர்க் குழாய் இரண்டடி தூரத்தில் இருந்தது. திருமதி எலினோருக்கும் துயரம் இல்லை, எனக்கும் இழப்பு இல்லை. விளைவை மட்டும் எடை போட்டால் தராசு ஒரே பக்கம்தான் சாய்ந்தது. குழாய்வரை போனேன். திருகில் கை வைத்தேன். அப்போது ஒன்று தோன்றியது. என் நெற்றியில் இருப்பது எனக்குச் சொந்தமில்லை. அதைக் கழுவலாமா என்று தீர்மானிக்கவும் எனக்கு உரிமையில்லை. இதுவும் குப்பைக்கூடைக்குள் இல்லாத ஒரு பொருள்தான்.

"போறேண்ணா" என்றேன்.

"கழுவாமயா?"

"கழுவாமதான்."

"படிச்சவன் கூட வேல செய்யறது ரொம்ப பேஜாரு" என்று அவர் முனகியது பின்னால் கேட்டது. அடுத்த நொடி இன்னொன்றும் கேட்டது: "ஓரத்து நாலு ரூம நான் பாத்துக்கறேன். நீ போ."

மேலடுக்கு

கதவு திறந்திருந்தது. திருமதி எலினோர் தரையில் அமர்ந்திருந்தார். மடியில் காலி டப்பா. அவர் அதைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. குரல் மட்டும் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

"அந்த இயந்திரத்தைத் திறக்க முடியுமா?"

"அம்மா, அதில் இல்லை" என்றேன்.

எட்டி, மேலடுக்கிலிருந்து பொட்டலத்தை எடுத்து இரு கைகளாலும் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. முதலில் பார்த்தார், பிறகு தொட்டார், பிறகுதான் வாங்கிக்கொண்டார். நாளை காலை, வங்கக் கடலில் குறிப்பிட்ட ஓரிடத்தில் கணவரைக் கரைக்கக் கப்பலில் அனுமதி வாங்கியிருப்பதாகச் சொன்னார். திருமணமான புதிதில் இருவரும் அந்த வழியே ஒரு சிறிய கப்பலில் போனார்களாம். மற்றதெல்லாம் பிள்ளைகள் ஊரிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்; இந்தக் கைப்பிடி மட்டும் தன் பங்கு என்றார்.

"எல்லாம் இதில் இருக்கிறதா?"

அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று ஒரு சொல் போதுமாக இருந்தது.

"இல்லை அம்மா. கொஞ்சம் இங்கே இருக்கிறது" என்று நெற்றியைக் காட்டினேன்.

எங்கள் ஊர் மலையைப் பற்றி, திருநீற்றைப் பற்றி, கீழே விழக்கூடாதது விழுந்தால் என்ன செய்வோம் என்பதைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இது இன்னதென்று தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். என் மேல் அவர் புகார் எழுதினால் அது நியாயம்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார்.

"ஆர்தருக்கு உயரம் என்றால் பயம்" என்றார். "வீட்டில் விளக்கு மாற்றக்கூட நான்தான் ஏணியில் ஏறுவேன். நீங்கள் அவரை மேலடுக்கில் வைத்திருக்கிறீர்கள். அதற்கும் மேலே, இங்கே வைத்திருக்கிறீர்கள்."

சிரிப்பதுபோல் தொடங்கியது வேறொன்றாக முடிந்தது. நான் தண்ணீர்க் குவளையை நீட்டினேன். அது என் வேலைதான்.

"கழுவத்தான் வேண்டுமா?" என்று அவர் கேட்டார்.

"உங்கள் விருப்பம்."

"இந்த அறையைச் சுத்தம் செய்து முடிக்கும் வரை இருக்கட்டும்."

நான் விரிப்பு மாற்றினேன், குளியலறை கழுவினேன், குவளைகளைத் துடைத்தேன். அவர் நாற்காலியில் அமர்ந்து, மடியில் பொட்டலத்தோடு, நான் போகும் பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது என்னை அல்ல. கணவர் இன்னொரு முறை அறைக்குள் நடமாடுவதை ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத் தலையணையையும் எப்போதும்போல் தட்டி வைத்தேன்.

"அந்தம்மா சாப்டாங்களா?"

நடந்ததை மேற்பார்வையாளரிடம் நானே எழுதிக் கொடுத்தேன். பயணியின் பொருளைத் தொட்டதற்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த விதி இல்லாவிட்டால் அந்த டப்பாவை முதல் நாளே யாரோ இடம் மாற்றியிருப்பார்கள்.

மாலை வேலைக்கு முன் அம்மாவை அழைத்தேன். இறந்தவர் சாம்பலைப் பூசிக்கொண்ட செய்தியை எப்படித் தாங்குவார் என்ற பயத்தோடு சொன்னேன். அம்மா பிறந்தது திருவாலங்காடு.

"சுட்லையில ஆடற சாமி ஊர்ல பொறந்தவடா நானு. எனுக்குப் போயி சாம்பலுக்கு பயம் காட்றியா?" என்றார். உடனே குரல் தாழ்ந்தது. "அந்தம்மா சாப்டாங்களா?"

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ரொட்டியும் சூப்பும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை.

அதற்குள் நெற்றியைக் கழுவியிருந்தேன். பணியாளர் அறையின் சிறு தொட்டியில், கண்ணை மூடிக்கொண்டு. அந்த நீரும் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஆர்தரில் ஒரு சிட்டிகை, மற்றதற்கு ஒரு நாள் முன்னதாகவே கடலைச் சேர்ந்துவிட்டது.

நடன வகுப்பு

மறுநாள் காலை கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. கீழ்த்தளத்துக் கம்பியோரம் ஓர் அதிகாரி, திருமதி எலினோர், நான். என்னையும் அழைக்கும்படி அவர்தான் கேட்டிருந்தார். மேற்பார்வையாளர் எனக்குக் கால்மணி நேரம் கொடுத்தார்.

நீரில் கரையாத எதையும் கடலில் போடக்கூடாது, பொடியாகத் தூவினால் காற்று தளத்துக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்றார் அதிகாரி. டப்பா ஆகாது. திருமதி எலினோர் கைப்பையிலிருந்து என் பொட்டலத்தையே எடுத்தார். பிரிக்காமல் வைத்திருந்தார்.

"இது கரையும் இல்லையா?"

கரையும் என்றார் அதிகாரி.

அப்போதுதான் தாளின் வெளிப்பக்கம் எங்கள் கண்ணில் பட்டது. நேற்றைய நிகழ்ச்சி நிரல். மடிப்புக்கு மேலே ஒரே ஒரு வரி: மாலை ஐந்து மணிக்கு நடன வகுப்பு, தொடக்க நிலையினருக்கு.

"நாற்பது வருடம் கூப்பிட்டேன்" என்றார் அவர். "ஒரு நாளும் ஆட வந்ததில்லை."

அவர் கையை நீட்டி விட்டார். பொட்டலம் ஒரு வெள்ளைப் பூவாக விழுந்தது. சற்று நேரம் மிதந்தது. ஈரம் ஏறியதும் நான் போட்ட மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கடல் தன் விரல்களால் பிரிப்பதுபோல் இருந்தது. வெண்மையாக ஏதோ ஒன்று நீருக்குள் சுழன்று, அகன்று, நீலமாகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் ரயிலேறிப் போய்க் கால் நனைக்கிற கடலும் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கால்மணி நேரம் முடிந்திருந்தது.

அன்று மாலை போர்வை மடிக்க அவர் அறைக்குப் போனேன். அவர் மேல்தளத்தில் இருந்தார். கட்டில்களைப் பிரிக்கச் சொல்லி எந்தக் குறிப்பும் இல்லை, தலையணையைப் பற்றியும் ஒன்றும் இல்லை. விளக்கடியில் டப்பாவும் இல்லை. வலப்பக்கத் தலையணையை எடுத்துவிடுவதா, வைப்பதா என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒட்டிப் போட்ட கட்டில்களுக்கு நடுவே ஒரு பிளவு இருக்கும். எவ்வளவு நெருக்கித் தள்ளினாலும் போகாது. "குடும்பம்னா இந்தப் பள்ளத்துல வுழாம இருக்கறதுதான் நைனா" என்று எத்திராஜண்ணன் கேலி பேசுவார். யாரும் சொல்லாமலே ஒரு தடித்த கம்பளியை நீளவாக்கில் மடித்து அந்தப் பிளவின் மேல் பரப்பினேன். அதன் மேல் விரிப்பை இழுத்துக் கட்டினேன். இரண்டு தலையணைகளையும் தட்டி, எப்போதும்போல் அருகருகே வைத்தேன். கால்மாட்டில் ஒரு மயில்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது அவர் சிற்றுண்டிக்குப் போயிருந்தார். மயில் ஜன்னலோரம் இடம் மாறி, கடலைப் பார்த்து நின்றது. தலையணைகள் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன.

பள்ளம் கட்டிலின் நடுவில் இருந்தது.

சமமாக்குவதற்கு முன் சற்று நேரம் அப்படியே விட்டு வைத்தேன்.